மாமனார் கொடுத்த மனு

"மருமவ பென்ஷன்ல சோறு துன்ற ஆளு, அவளுக்கு மறுகல்யாணம் பண்ண வுடுவாரா?"

மீன் ஏலக் கூடத்தில் மாலா சத்தமாகவே கேட்டாள். நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். இறால் கூடையைச் சுமந்து வந்த வேலம்மா சிரிக்கவில்லை. மாலா சொன்னதில் தப்பு இருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வேலம்மாவின் புருஷன் விஜயராகவன் அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டான். குடும்ப பென்ஷன் அவள் பேருக்கு வந்தது. மகள் காவியா ஏழாவது படிக்கிறாள். மாமனார் துளசிங்கம் முட்டிவலி வந்தபின் படகில் ஏறுவதில்லை. வேலம்மா கூடை சுமந்தாலும், மூன்று பேர் வயிறு நிறைந்தது அந்தப் பென்ஷனில்தான்.

ஆடிக் கடைசியில் பசியாவரத்துப் பூவரசன் பெண் கேட்டு வந்தான். நண்டு வலை போடுகிறவன். கட்டியவளோடு ஒத்துவராமல் கோர்ட்டில் விவாகரத்து ஆனவன். குடி கிடையாது. வேலம்மாவுக்குப் பிடித்திருந்தது. காவியாவுக்கும்.

துளசிங்கம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கல்யாணம் ஆனா பென்ஷன் நின்னுடும். தெரியும் இல்ல?"

"போனாப் போவட்டும் பெரியவரே. என் வலை இருக்குது."

"வலை ஒரு நாள் நண்டு குடுக்கும், ஒரு நாள் பாசி குடுக்கும். மாசம் பொறந்தா வர்றதை எவனாவது வுடுவானா? ஆவணி முடியட்டும், பாக்கலாம்."

ஆவணி முடிந்தது. புரட்டாசியில் கல்யாணம் ஆகாது என்றார். ஐப்பசியில் மழை என்றார். கார்த்திகையில் ஒன்றும் சொல்லாமல் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறினார். எங்கே போனார் என்று திரும்பி வந்தும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும்.

வக்கீலைப் பார்க்கப் போகிறார் என்று ஊரே பேசியது.

வேலம்மா எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"பென்ஷன் நின்னா உங்க சோறு நின்னுடும்னு பயமா மாமா?"

துளசிங்கம் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"தை பொறக்கட்டும்மே" என்றார்.

சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். சொரணையுள்ள மனுஷனாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க மாட்டாரா என்று வேலம்மாவுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த வாரம் மாலா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"எங்க அத்தையக் கூட்டிக்கினு நேத்து பொன்னேரி கருவூலத்துக்குப் போயிருந்தேன். அங்க உன் மாமனாரு! பென்ஷன் பாக்குற மேடத்தாண்ட குந்திக்கினு மனு எழுதிக்கினு கீறாரு. உன் பேரு, காவியா பேரெல்லாம் காதுல வுழுந்துச்சு. பேத்திக்கு கார்டியன் நான்தான்னு எழுதி, துட்டைத் தன் பக்கம் இழுத்துக்கப் போறாரு. உஷாரா இரு!"

வேலம்மா கூடையை அங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். திருப்பாலைவனம் வரை அழுகை வந்தது. அதைத் தாண்டியதும் ஆத்திரம்தான்.

கருவூலத்தில் கோமளா மேடம் கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"துளசிங்கம்னு ஒருத்தரு மனு குடுத்தாராமே? அதைக் கிழிச்சுப் போடுங்க மேடம். நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீங்கதான் வேலம்மாவா? உக்காருங்க. நீங்க கையெழுத்துப் போடாம அது இந்த மேஜையை விட்டே நகராது."

"இன்னா எழுதி வெச்சிருக்காரு?"

"நீங்க மறுமணம் பண்ணிக்கிட்டா உங்களுக்கு வர்றது நின்னுடும். ஆனா அதோட முடிஞ்சிடாது. உங்க பொண்ணு பேருக்கு மாறும். இருபத்தஞ்சு வயசு வரைக்கும், இல்லைன்னா அதுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும். இதைக் கேட்டுக்கத்தான் நாலு தடவை வந்தாரு. முதல் தடவை நான் சொன்னதை நம்பவே இல்லை. ரூல் புக்கை எடுத்துப் படிச்சுக் காட்டுன்னாரு. அப்புறம் குழந்தையோட சர்டிபிகேட் ஒண்ணொண்ணா கொண்டு வந்தாரு."

வேலம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்."

"நானும் கேட்டேன். 'கரைக்கு வந்தாத்தாம்மா மீனு. ஆசை காட்டிட்டு அப்புறம் இல்லைன்னு ஆச்சுன்னா அது தாங்காது'ன்னாரு."

மேடம் மனுவை நீட்டினாள். வேலம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். காப்பாளர் என்ற இடத்தில் துளசிங்கம் என்ற பெயரைத் தேடினாள். 'தாய் வேலம்மா' என்று இருந்தது.

"கல்யாணம் ரிஜிஸ்டர் ஆனதும் அந்த சர்டிபிகேட்டோட வந்து கையெழுத்துப் போட்டுடுங்க" என்றாள் மேடம். "பணம் உங்க கைக்குத்தான் வரும். அட்ரஸை மட்டும் சரி பாத்துச் சொல்லுங்க. கதவு நம்பர் தெரியலைன்னுட்டாரு பெரியவர்."

நாற்பது வருஷமாகக் குடியிருக்கிற வீட்டின் கதவு நம்பர் தெரியாதா? வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

முகவரி: பூவரசன் வீடு, பசியாவரம்.