சாட்சிக் கையெழுத்து

"நாளைக்கு ஒன் புருஷன் திரும்பி வந்து, 'என் வீட்டுல நீ யாருய்யா'ன்னு கேட்டா நான் என்ன தாயி பதில் சொல்லுவேன்?"

பத்திரப் பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் ஹமீது சுல்தான் இதைக் கேட்டபோது யாகப்பம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்து ஊர்க் கருவாட்டு வியாபாரி; அவள் ஊருக்கு வந்துபோகத் தொடங்கி நாலைந்து வருடம்தான். காரங்காட்டில் இருக்கும் அவளுடைய ஓட்டு வீட்டை வாங்குகிறார். கிரயப் பத்திரம் எழுதியாகிவிட்டது. பதிவு மட்டும்தான் பாக்கி.

"வர மாட்டாக, பாய்."

"நீ சொல்ற. சட்டம் சொல்லணும்ல? வீடு அவுக பேர்ல இருக்கு. வள்ளத்துல போனவுக வரல, சரி. உடம்பும் கரை ஒதுங்கலையே."

"பத்து வருசமாச்சு. கோயில்ல பூசை வச்சாச்சு. கல்லறையில வெறுங்குழிக்குச் சிலுவையும் நட்டாச்சு. இன்னும் நான் என்ன செய்யணும்?"

ஹமீது சுல்தான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். "கோவிச்சுக்காத தாயி. நேர்ல பாத்த ஒரு சாட்சி இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரும். அம்புட்டுத்தான்."

"அதுக்குத்தான இவுகள வரச் சொன்னேன்."

சற்றுத் தள்ளி, கக்கத்தில் குடையை இடுக்கியபடி நரைத்த தாடியுடன் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் பெஞ்சமின். மன்னாரிலிருந்து நேற்றைய கப்பலில் தனுஷ்கோடி வந்து இறங்கியவர். அன்று அந்த வள்ளத்தில் போனவர்களில் மன்னார்க்காரர்கள் கையில் சிக்கி உயிர் பிழைத்தவர் அவர் ஒருவர்தான் என்று யாகப்பம்மாள் சொல்லியிருந்தாள்.

"ஏன்யா, பொழச்ச ஆளு இத்தனை வருசத்துல ஒரு கடுதாசி போடக் கூடாதா?" என்றார் ஹமீது சுல்தான். "இந்தப் பொம்பள எத்தனை நாளு கடக்கரையில நின்னிருக்கும்?"

"தப்புத்தான். ஊரு மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு."

"வள்ளம் கவுந்ததுக்கு நீ என்னய்யா செய்வ? சரி, அத விடு. அருளானந்தம் வர மாட்டாரே?"

பெஞ்சமின் குடையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். "வர மாட்டாரு, பாய். இனி வர மாட்டாரு."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

பதிவாளர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பத்திரத்தைப் படித்தார். வீட்டுக்குக் கிழக்கே கடற்கரைப் புறம்போக்கு, மேற்கே தெரு. தனக்காகவும், மைனர் மகள் ஜோதிமேரிக்காகவும் யாகப்பம்மாள் எழுதிக் கொடுக்கும் கிரயம்.

"வீட்டை ஏம்மா விக்கிற?"

"மகளுக்குத் தூத்துக்குடியில டீச்சர் டிரெய்னிங் எடம் கெடச்சிருக்கு, அய்யா. திங்கக்கெழமை சேரணும். அங்கேயே கன்னியாஸ்திரி மடத்துச் சமையல்ல எனக்கும் வேலை தாறேன்னு இருக்காக."

"நல்லது. உன் கணவர் பேர் என்ன?"

அவள் ஹமீது சுல்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், பத்திரத்துல இருக்கே" என்றார் ஹமீது சுல்தான். "எங்க பக்கத்துப் பொம்பளைக புருஷன் பேரைச் சொல்ல மாட்டாக. ஆயுசு கொறஞ்சிரும்னு ஒரு நெனப்பு."

பதிவாளர் சிரித்தார். "இருக்கிறவருக்குத்தானேய்யா ஆயுசு குறையும்? போனவருக்குக் குறைய என்ன இருக்கு? சொல்லும்மா."

"அருளானந்தம், அய்யா" என்று பின்னாலிருந்து பெஞ்சமின் சொன்னார்.

"உம்மைக் கேட்கலை. எழுதிக் கொடுக்கிறது இந்த அம்மா. இவங்க வாயால சொன்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. யாகப்பம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிரித்தாள். வீட்டில் ஜோதிமேரி தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். அடுக்கியது சரியில்லை என்று எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்குவாள். ஒரு வாரமாக அதேதான் வேலை.

"சொல்லு தாயி" என்றார் ஹமீது சுல்தான். "ஒரு வார்த்தைதான."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அருளானந்தம்."

பத்து வருடமும் அதற்கு முன்பும் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டிவிட்டது போல அவள் குரல் வறண்டிருந்தது.

"இருக்காரா?"

"இல்ல. செத்துப் போயிட்டாக."

பதிவாளர் மைப்பலகையைத் தள்ளினார். அவள் இடது பெருவிரலை ஒற்றி எடுத்தாள். அடுத்து பெஞ்சமின் பேனாவை வாங்கி, முதல் எழுத்தைப் போடுமுன் சற்று நின்று, பிறகு மெதுவாக எழுதி முடித்தார். முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் ஹமீது சுல்தானின் முகம் தெளிந்திருந்தது. "புள்ளைய நல்லாப் படிக்கச் சொல்லு தாயி. சாவியை ஞாயித்துக்கெழமை வந்து வாங்கிக்கிறேன். பதறாமக் காலி பண்ணு." பெஞ்சமினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல மனுசன்யா நீ. கடல் தாண்டி வந்து ஒரு குடும்பத்துக்கு வழி பண்ணிட்ட." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மரத்தடியில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவள் பெருவிரல் மையை வேப்பம்பட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாகப்பம்மா" என்றார் அவர். "எம் மகள ஒரே ஒரு தடவை தூரமா நின்னு பாத்துட்டுப் போயிர்றேன்."

"வேணாம். மன்னார்ல நீங்க கட்டிக்கிட்டவளும் அவ புள்ளைகளும் தேடுவாக, கெளம்புங்க" என்றாள் யாகப்பம்மாள். "ஜோதிமேரியோட அய்யா கடலோட போயிட்டாக. அதுக்கு இப்பத்தான் நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தீக."