தேடினால் முதலில் வருவது

“பாத்துக்கோங்க சார், முதல் எடம்!” என்று செலின் லேப்டாப்பைப் பக்தவத்சலத்தின் பக்கம் திருப்பினாள்.

ஜோதிகா பக்தவத்சலம் என்று கூகுளில் தட்டினால் இப்போது அவருடைய வலைப்பூதான் முதலில் வருகிறது. மூன்று மாதத்துக்கு முன் ஏழாம் பக்கத்தில் கிடந்தது. ஏழாம் பக்கத்தை எவன் பார்க்கிறான்?

காதலித்தவனோடு வீட்டை விட்டுப் போன மகளுக்காக அப்பா எழுதும் வலைப்பூ. ‘மன்னித்துவிட்டோம், அருளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு’ என்று பதிவுக்குப் பதிவு கெஞ்சல்.

இப்படி வலைப்பூக்களைத் தேடலில் மேலே ஏற்றிவிடுவதுதான் செலினின் பிழைப்பு. மேனாம்பேட்டு மாடி வீட்டில் உட்கார்ந்து செருப்புக் கடைக்கும் பல் டாக்டருக்கும் செய்கிற அதே வேலை. ஆனால் இதற்கு மட்டும் உயிரைக் கொடுத்து உழைத்தாள். ஜோதிகாவின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதாகச் சொல்லும் பதிவைத் திருத்தும்போது அழுதே விட்டாள்.

பெருமை தாங்கவில்லை. என்னென்ன சொற்களைத் தட்டி ஆட்கள் இங்கே வந்து சேர்கிறார்கள் என்ற பட்டியலையும் திறந்து காட்டினாள்.

பக்தவத்சலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

‘ஜோதிகா அருள் திருமழிசை.’

அவர்கள் இருவரும் குடியிருக்கும் இடத்தில் யாரோ, வீட்டுக்காரரோ பக்கத்து வீட்டுக்காரியோ, சந்தேகப்பட்டுத் தேடியிருக்க வேண்டும். செலினுக்குப் புல்லரித்தது. பெண் கிடைத்துவிட்டாள்! மனுஷன் இப்போது உடைந்துபோய் அழப்போகிறார் என்று தண்ணீர் எடுக்க ஓடினாள்.

திரும்பி வரும்போது அவர் போனில் யாரிடமோ ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சொம்பைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ மளிகைச் சாமான் சொல்வதுபோலச் சொன்னார்.

“இன்னிக்கே எல்லாத்தயும் அழிச்சிடும்மா. எங்களுக்கு அப்பிடி ஒரு பொண்ணு இருந்துச்சின்னே எங்கியும் வரக் கூடாது.”

“அவங்க மொதல்ல ஊட்டுக்கு வரட்டும் சார்...”

“இன்னிக்கே.”

கார் கிளம்பிப் போனது. வா வா என்று எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இப்போதுதான் செலினின் மரமண்டையில் ஏறியது. வழி காட்டியதும் அவளேதான்.

நூறுக்கு போன் போட்டாள். முகவரி கேட்டார்கள். முகவரி அவளுக்கு எங்கே தெரியும்?

காரில் போனால் திருமழிசை முக்கால் மணி நேரம்.

வலைப்பூவின் பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. படங்களையும் கெஞ்சல்களையும் மளமளவென்று தூக்கினாள். ஒரே வரி தட்டினாள்: ‘ஜோதிகா, திருமழிசை என்று தெரிந்துவிட்டது. இப்போதே கிளம்பு.’

பிறகு, இந்த நிமிடத்தில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பூஜ்யம். மாதாவே, மாதாவே என்று வாய் முனகியது. அப்போதும் பூஜ்யம்.

பத்து நிமிடம் கழித்து அது ஒன்று ஆனது.

“அவளா இருக்கணும்” என்று கையைக் கூப்பினாள்.

மேசையில் போன் அடித்தது. பக்தவத்சலம்.