இரண்டாவது பிரேக்

"கண்ணாடியவே பாக்காத. ரோட்டப் பாரு."

மாஸ்டர் மறுபடியும் அதட்டினார்.

"சரி மாஸ்டர்" என்றாள் ஓட்டிக்கொண்டிருந்தவள், நல்ல பிள்ளைபோல. அவருடைய மனைவிதான்.

வீட்டில் அவர் 'என்னங்க'. வண்டிக்குள் ஏறிவிட்டால் மாஸ்டர். முதல் நாளே அவர் போட்ட சட்டம் அது. என்னங்க என்று கூப்பிடுகிறவளைத் திட்ட வாய் வராது. திட்டு வாங்காமல் யாருக்கும் வண்டி ஓட்ட வராது.

திட்டுவதற்கு இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம்.

ஒரு காலத்தில் அவருடைய டிரைவிங் ஸ்கூல் வண்டி ஊர்ந்து போகாத தெருவே கிடையாது. ஓட்டை வண்டி ஒன்றில் ஆரம்பித்து, நிறுத்த இடமில்லாமல் அக்கம்பக்கத்தோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டியவர் அவர்தான்.

பிறகு கடைத்தெருவில் ஏசி போட்ட பெரிய ஸ்கூல் வந்தது. அங்கே கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே ஓட்டிப் பழகலாம். எதில் மோதினாலும் திட்ட ஆள் இல்லை. மாஸ்டரிடம் வேலைக்கு இருந்து சொல்லிக்கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். வண்டிகளும் ஒவ்வொன்றாகக் கைமாறின. மிஞ்சியது இது ஒன்று.

அதற்கப்புறம்தான் வயிற்றில் வலி வந்தது.

குடலில் புற்றுநோய், மருந்து ஏற்றினால் பிழைக்க வழி இருக்கிறது என்றார் டாக்டர்.

மாஸ்டர் யாரிடமும் மூச்சு விடவில்லை. லைசென்ஸ் ஆபீஸில் வேலை என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போவார். கையில் ஊசியோடு சாய்ந்து, சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நாற்காலிகளுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். இவர் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். ஊசி போட்ட இடத்துப் பஞ்சைத் தெருமுனையில் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். கால் மரத்துப்போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மருந்து அப்படித்தான் செய்யும் என்றார்கள்.

ஓட்டப் பழகுகிறவர் பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு, காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அவர் பிழைப்பே அதன்மேல்தான் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத்தான் அதில் வைப்பார். ஒருநாள் அவசரத்துக்கு அழுத்தினார். கால் பிரேக்கில் இருக்கிறதா தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வண்டி ஒரு சைக்கிள்காரரை உரசாத குறையாக நின்றது.

அன்றோடு ஆஸ்பத்திரியைத் தலைமுழுகினார்.

கொஞ்ச நாளில் காலுக்கு உணர்ச்சி திரும்பியது. வலியும் திரும்பியது. கால் வந்ததே போதும் என்று இருந்துவிட்டார். கால் இல்லாத மாஸ்டர் யாருக்கு வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் மனைவி வந்து நின்றாள், தனக்கும் வண்டி ஓட்டக் கற்றுத்தரச் சொல்லி. பக்கத்தில் உட்கார்ந்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறவள். மாஸ்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு, நல்லதுதான் என்று நினைத்தார். தனக்குப் பிறகு அவள் யார் தயவும் இல்லாமல் போய்வரலாம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? கியரைப் பிசையாதே, மெதுவாகப் போடு என்றுதான் சொல்ல முடிந்தது.

நன்றாகவே ஓட்டினாள். ஒரே குறை, அந்தக் கண்ணாடி.

மற்றவர்களைக் கண்ணாடியைப் பார், பார் என்று கெஞ்ச வேண்டியிருக்கும். இவளிடம் பார்க்காதே என்று கெஞ்ச வேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அதைத் தானே திருப்பிச் சரிசெய்துகொள்வாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. பின்னால் வருவதைப் பார்க்க அவருக்கென்று வேறொரு சின்னக் கண்ணாடி இருந்ததால், அவளுடையதை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது.

வலி சுருட்டிப் பிடித்தது. மாஸ்டர் வேடிக்கை பார்ப்பதுபோல வெளியே முகத்தைத் திருப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டார். விட்டதும், குரலைச் சரிசெய்துகொண்டு, "லெஃப்ட்" என்றார். வீட்டுக்குப் போகிற வழி.

அவள் வலது பக்கத்துக்கு இண்டிகேட்டர் போட்டாள்.

"லெஃப்ட்னு சொன்னேன்."

சொல்லாத பக்கம் திரும்பக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். விளக்கு பச்சையானது. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, பதறாமல், கை கோணாமல், வலது பக்கம் திருப்பினாள்.

அந்தச் சாலையின் கோடியில் ஆஸ்பத்திரி தெரிந்தது.

மாஸ்டரின் கால் அவரைக் கேட்காமலே அழுத்திவிட்டது. வண்டி குலுங்கி நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹார்ன்கள் கத்தின. திட்டுவதற்காக நிமிர்ந்தார்.

அவளுடைய கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. நனைந்திருந்தன.

இங்கிருந்து அவள் கண்கள் தெரிகின்றன என்றால், அங்கிருந்து அவர் முகம் தெரிகிறது என்று அர்த்தம். அதை மாஸ்டருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடி பின்னால் வரும் எதையும் காட்டவில்லை. இத்தனை நாளும் காட்டியதில்லை.

அவள் என்ஜினை மறுபடி கிளப்பினாள். அவர் கால் பிரேக்கிலேயே இருந்தது. ரப்பரின் ஒவ்வொரு வரியும் உள்ளங்காலில் துல்லியமாகத் தெரிந்தது.

"என்னங்க" என்றாள், வண்டிக்குள் முதல் தடவையாக. "கால எடுங்க."