பக்கத்தில் இன்னொன்று

மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வரில் இரண்டு பிராசஸர்கள். அவற்றில் ஒன்று பழுதாகிவிட்டது. அதே மாடல் வர மூன்று வாரம் ஆகும். ஏறக்குறைய அதேபோன்ற இன்னொரு மாடல் மறுநாளே கிடைக்கும். கோர் எண்ணிக்கை, வேகம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றாள் செரின். வேலைக்குச் சேர்ந்த ஏழு மாதத்தில், கூட்டத்தில் அவள் வாய்திறந்து பேசியது அதுவே முதல்முறை. எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

இப்போது சர்வரை நிறுத்திவிட்டு, மூத்த பொறியாளர் சிவஞானம் புதியதைப் பொருத்திக்கொண்டிருந்தார். கீழே ஸ்கேன் அறை வாசலில் நோயாளிகள் காத்திருந்தார்கள். செரின் கைபேசியில் அந்த ஒப்பீட்டு அட்டவணையை மறுபடி கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். அன்று அவள் படிக்காமல் விட்ட வரி அங்கே இருந்தது. இந்த மாடல் தனியாக மட்டுமே இயங்கும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் சேர்ந்து வேலை செய்யாது.

"என்னம்மா, முகம் வெளிறிப்போச்சு? நீ பார்த்த மாப்பிள்ளை கச்சிதமா உக்காந்துட்டார், பாரு" என்று சிரித்தார் சிவஞானம்.

புதியதைக் கழற்றிவிட்டால், பழுதாகாத பழையது ஒன்றே மெதுவாகவாவது சர்வரை ஓட்டும். அதைச் சொன்னால் போதும். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டுப் பவர் பட்டனை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார்" என்றாள். மற்ற சர்வர்களின் விசிறி இரைச்சலில் அது அவள் காதுக்கே எட்டவில்லை. எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.