யானையே வந்தாலும்

அண்ணன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. மாடு நிற்கவில்லை.

அது நேராக வந்து, புத்தம்புது கிரில் கார்டில் மூக்கை வைத்து மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது.

வண்டியின் முகத்துக்கு முன்னால் விலா எலும்பு மாதிரி நிற்கும் தடித்த கறுப்புக் கம்பிகள். "யானையே வந்து மோதினாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கடைக்காரர் மாட்டிவிட்டு மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அண்ணன் தெருவில் நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறான்.

தங்கையான அவளும் சொல்லிப் பார்த்தாள். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. அறுபதில் போய் ஒரு மாட்டின் மேல் மோதினால் இந்தக் கம்பி மடங்கி ரேடியேட்டருக்குள் உட்காரும். வண்டியைக் காப்பாற்றுவது கார்டு இல்லை, பிரேக்கில் இருக்கும் கால்.

"அது உன் புத்தகத்து மாடு, கால்குலேட்டர்" என்றுவிட்டான்.

இன்று காலை அவளை ரயிலேற்றக் கிளம்பியவன், மூன்று வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக் கார்டைக் காட்டினான். அதில் போனது முப்பத்தைந்து நிமிடம்.

அவளுக்குப் பாதி உயிர் போனதும் அதில்தான்.

பால் பண்ணை மாடுகள் இந்தச் சாலையைக் கடந்து மேய்ச்சலுக்குப் போவது எட்டு பத்துக்கு. இரண்டு வருடமாகக் கல்லூரிக்குப் போகும் வழியில் அவள் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக் காத்திருந்தது அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான். பண்ணையின் மாட்டு டாக்டர் சாலை நடுவில் நின்று விரலை நீட்டி எண்ணுவார். முப்பத்தெட்டு வந்ததும் அவளைப் பார்த்துத் தலையாட்டுவார்.

இரண்டு வருடத்தில் அவர்கள் பேசியது பதினோரு வாக்கியம். அத்தனையும் மாட்டைப் பற்றி.

பன்னிரண்டாவதை அவள் போன வாரம் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை ரயில்ல போறேன், தூரத்துல வேலை கிடைச்சிருக்கு."

எண்ணிக்கொண்டிருந்தவர் பதினேழில் தடுமாறி மறுபடி ஒன்றுக்குப் போனார்.

பதின்மூன்றாவதை வாயால் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. அதனால் தன் தொலைபேசி எண்ணை எழுதி, நான்காக மடித்து, உள்ளங்கையில் வைத்திருந்தாள். இன்று கொடுக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

இப்போது மணி எட்டே முக்கால். மாடுகள் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சாலை வெறிச்சென்று கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வந்தவள், பிரேக் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

சாலை முழுக்க மாடு.

முதல் மாட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது வந்தது. மூன்றாவது அதை முட்டித் தள்ளி இடம் பிடித்தது. பிறகு எத்தனை நாக்கு என்று எண்ண முடியவில்லை. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது.

அண்ணன் ஹாரனை அழுத்தினான். ஒரு மாடு மட்டும் தலையைத் தூக்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையெழுத்துக் கேட்டவனை அதிகாரி பார்ப்பதுபோல அவனைப் பார்த்தது. பிறகு வேலையைத் தொடர்ந்தது.

அவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி! ரயில் போயிடும்!"

டாக்டர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தார். அண்ணன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"டாக்டர் சார், உங்க மாட்டுக்கெல்லாம் என்ன கேடு? இரும்பைத் திங்குதுங்க!"

டாக்டர் குனிந்தார். கீழ்க் கம்பியில் ஒரு விரலை இழுத்து, நாக்கு நுனியில் வைத்தார். நிமிர்ந்து, கண்ணாடிக்குள் இருந்த அவளைப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்துபோயின.

இரண்டு கைப்பிடி கல்லுப்பு, அரை லிட்டர் வெந்நீர். நேற்று மாலை அவள் கார்டில் மூன்று முறை பூசிக் காயவிட்டது. காலையில் அண்ணன் "என்ன இது, வெள்ளையா பூத்திருக்கு?" என்று கேட்டதற்குப் பனி என்று சொல்லியிருந்தாள். உப்புக்கு மயங்கி ஒரு மாடு வண்டியை மறித்தால் போதும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு.

"புதுப் பெயிண்ட், சார்" என்றார் டாக்டர், இழவு வீட்டில் நிற்பவர் முகத்தோடு. "அந்த வாசனைக்கு இப்படித்தான் பண்ணும். ஒரு பத்து நிமிஷம் ஆகும்."

"பத்து நிமிஷமா!"

அண்ணன் கதவைத் திறந்து குதித்தான். முன்னால் போய், "தாயே, மகராசி, ஹெட்லைட்டை மட்டும் விட்டுடு" என்று மாட்டைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

டாக்டர் அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார். அவள் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். காகிதம் வியர்வையில் நனைந்துவிட்டது. அவள் அதைக் கைக்குட்டையில் ஒற்றினாள்.

அப்போது பண்ணை வாசலிலிருந்து பால் கறப்பவர் தொண்டை கிழியக் கத்தினார்.

"டாக்டரே! எட்டு மணிலேருந்து கதவைத் திறக்க விடாம, 'இன்னும் வரல, இன்னும் வரல'ன்னு ரோட்டையே பாத்து என் உசிரை வாங்கினீங்களே! வந்தாச்சுல்ல? மீதி பதினாலையும் விடலாமா, வேண்டாமா?"

டாக்டர் திரும்பவே இல்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள். காகிதம் கை மாறியது.

"எல்லாத்தையும் விடச் சொல்லுங்க" என்றாள்.

பதின்மூன்றாவது வாக்கியம். அதுவும் மாட்டைப் பற்றியதாகவே போயிற்று.