படுக்கையறையில் வைக்கும் பேட்டரி

நான்கு நீல நிற பேட்டரி செல்களை வாசுதேவ் மேஜைமேல் வரிசையாக நிறுத்தினான். ஒவ்வொன்றும் ஒரு செங்கல் உயரம் இருந்தது.

"லித்தியம் அயர்ன் பாஸ்பேட்மா. நம்ம ஊருக்கு இப்பத்தான் வருது. பத்து வருஷத்துக்கு நீங்க திரும்பிக்கூடப் பாக்க வேணாம்."

பத்து வருஷம் என்றதும் சாந்திமதியின் முகம் மலர்ந்ததை அவள் கணவர் ஜீவகுமார் கவனித்தார்.

2009 கோடை. பகல் மின்வெட்டுக்காவது நேரம் சொன்னார்கள். ராத்திரியில் கரண்ட் சொல்லாமலே போயிற்று. சின்னக் காஞ்சிபுரத்தில் வாசுதேவ் திறந்திருந்த சோலார் கடைக்கு அதனால்தான் கொஞ்சம் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

செல்களுக்குப் பக்கத்திலேயே பழைய மாதிரி ஆசிட் பேட்டரியும் இருந்தது. மூன்று நான்கு வருடம் உழைக்கும், அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏறும்போது வாயு வரும், அதனால் வெளியேதான் வைக்க வேண்டும் என்றான் வாசுதேவ்.

"இந்த நீலத்த பெட்ரூம்லயே வெச்சிக்கலாமா?" என்று கேட்டாள் சாந்திமதி.

"தலமாட்டுலயே வெச்சிக்கலாம்மா. வாடை, புகை ஒண்ணும் கிடையாது."

சூடாகுமா? சத்தம் போடுமா? கரண்ட் போனதும் தானாக மாறிக்கொள்ளுமா, இல்லை எழுந்து போய் ஸ்விட்சைத் தட்ட வேண்டுமா? தன் தம்பிக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவள் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஃபேன், லைட், டிவி... என்னென்ன ஓடணும்மா?" என்றான் வாசுதேவ்.

"ஒரே ஒரு மிஷின். ராத்திரி முழுக்க ஓடணும்."

"என்ன மிஷின்?"

சாந்திமதி கணவரைப் பார்த்தாள்.

"மூச்சு விடுற மிஷின்பா," என்றார் ஜீவகுமார். கொஞ்சம் நிறுத்தி, காற்றை இழுத்துக்கொண்டு மீதியைச் சொன்னார். "எனக்குத்தான்."

வாசுதேவ் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தான். தோளில் தொங்கிய சட்டை. மடியில் வைத்த இடத்திலேயே கிடந்த கைகள்.

நெல் மண்டியில் ஆள் வராத நாட்களில் தானே மூட்டை தூக்கிப் போட்டவர் அவர். முதலில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. பிறகு தோள்கள். இப்போது நெஞ்சுக்கு வந்திருந்தது. படுத்தால் மூச்சு போதவில்லை. முகத்தில் முகமூடியை மாட்டினால் மிஷின் காற்றை உள்ளே தள்ளும். கரண்ட் போனால் அது நின்றுவிடும். சாந்திமதி பதறி எழுந்து, அவரைத் தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டு சுவரோரம் உட்காருவாள். கரண்ட் வரும்வரை அப்படியே இருப்பாள்.

போன மாதம் சென்னை டாக்டரிடம், அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, இன்னும் எத்தனை நாள் என்று அவர் நேராகவே கேட்டார். டாக்டரும் மறைக்கவில்லை. ஒரு வருடம் போனால் பெரிது என்றார்.

மருந்துப் பையோடு திரும்பி வந்த சாந்திமதியிடம், மிஷின் போட்டால் நோய் இதோடு நின்றுவிடுமாம் என்று அவர் சொன்னார். மறுநாளே அவள் திருப்பருத்திக்குன்றம் ஜைனக் கோயிலுக்குப் போய் மகாவீரரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

தனக்கு அந்த ஆசிட் பேட்டரியே அதிகம் என்று ஜீவகுமாருக்குத் தெரியும். வராந்தாவில் வைத்து உள்ளே ஒயர் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் காட்டி, இது போதும் என்று சொன்னால், ஏன் போதும் என்று அவள் கேட்பாள்.

"நீலமே குடுப்பா," என்றார்.

வாசுதேவ் மீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லாகச் சோதிக்க ஆரம்பித்தான். ஜீவகுமார் முகம் கழுவ எழுந்தார். பிடிக்க வந்த சாந்திமதியை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே திரைக்குப் பின்னால், கடையின் பின்பக்கம் போனார்.

குழாயைத் திறந்து மூட வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வரும்போது திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. மெதுவாகப் பேசினாள்.

"ஏம்பா, இத ஒரு வருஷம் கழிச்சிக் கழட்டி வேற யார் வீட்லயாவது மாட்ட முடியுமா?"

"தாராளமா மாட்டலாம்மா. அப்படியே புதுசாட்டம் இருக்கும். வீடு மாறப் போறீங்களா?"



"ஆமாம்பா."

செவிலிமேட்டில் அவர்கள் இருப்பது சொந்த வீடு.

அந்த ஒரு வருடத்தை ஜீவகுமார் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

திரையின் இடுக்கில் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசுதேவ் குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். வருவது தெரியட்டும் என்று இருமிக் காட்டலாம். இருமுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.

அவள் துடைத்து முடிக்கும்வரை நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரையை விலக்கினார்.

சாந்திமதி சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

"கேட்டீங்களா? நம்ம ஸ்ரேயா காலேஜ் போறப்பகூட இது ஓடிக்கினு இருக்குமாம்."

மகள் ஸ்ரேயா மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

"ஓடும், ஓடும்," என்றார் ஜீவகுமார்.