வாடகைக்குப் போன மூஞ்சி

என் முகத்தை ‘முப்பதே நாளில் கோடீஸ்வரன்’ யூடியூப் சேனலுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். கல்யாண ஆல்பத்தில்கூட எடுபடாத மூஞ்சிக்குக் கிராக்கி வந்தால் விடுவேனா? குடோனில் மூட்டை தூக்குகிற நான், அங்கே ஏ.ஐ. புண்ணியத்தில் கோட்டு போட்டு நீச்சல்குளத்தோரம் நின்று, நான் பேசாத பேச்செல்லாம் பேசுவேன்.

நேற்று வேலை முடிந்து வந்ததும் மனைவி செண்பகவல்லி வாசலுக்கே ஓடிவந்தாள்.

“ஏங்க, பாப்பா காது ஆபரேஷன் பணத்தைக் கோடீஸ்வரன் சேனல்ல கட்டிட்டேன். பத்து மடங்கா திரும்பி வருமாம்!”

“எவன் சொன்னான்?”

“நீங்கதான். மத்தியானம் வீடியோ கால்ல வந்து, ‘செண்பகா’ன்னு கூப்பிட்டு எவ்ளோ அன்பாப் பேசுனீங்க!”

“அடியே, அது நானில்லடி. வாடகைக்கு விட்ட மூஞ்சி!”

“மூஞ்சியைத்தானே விட்டீங்க? பொய் சொல்லவா விட்டீங்க?”

பணத்தைத் திருப்பிக் கேட்க சேனலுக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்ததும் என் மூஞ்சிதான்.

“பயப்படாதீங்க பிரதர். பயந்தவன் ஜெயிச்சதே இல்ல.”

“டேய், என் புள்ளைக்குக் காது கேக்கணும்டா. குடுத்துடுடா.”

“பெரிசா யோசிங்க பிரதர்!” என் பல்லைக் காட்டியே சிரித்தான்.

செண்பகவல்லி போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அவரு எவ்ளோ தைரியமா சொல்றாரு. நீங்க ஏங்க அழுறீங்க?”